மகாராஜா வாங்கிய பாத்திரம் துலக்கும் பொறி

மாந்தோப்பூர் ராஜ்ஜியம் கையகலம்தான். ஆனால் அதன் அரண்மனைச் சமையற்கட்டு பெரிசு. ஒரு வேளைக்கு இருநூறு பேர் சாப்பிடுவார்கள். அப்படியானால் இருநூறு வட்டில், இருநூறு செம்பு, அது போக அண்டா, குண்டான், கரண்டி. அத்தனையையும் துலக்க எட்டுப் பெண்கள். காலையில் கொல்லைக் கிணற்றடியில் குந்தினால் தேங்காய் நாரும் புளியும் சாம்பலுமாகப் பொழுது சாய்ந்துவிடும். கூலி, ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு படி நெல். எட்டு வீட்டில் உலை கொதித்ததும் அந்த நெல்லில்தான்.

உக்கிராண மந்திரி அம்பலவாணருக்கு அந்த எட்டுப் படி உறுத்திக்கொண்டே இருந்தது. துறைமுகத்து வியாபாரி ஒருவனிடம் பேசி ஒரு பொறியை வாங்கி வந்துவிட்டார். ஆள் உயர மரப்பெட்டி, உள்ளே அடுக்கடுக்காகக் கம்பித்தட்டு. வட்டில்களைச் செருகிக் கதவைச் சாத்த வேண்டும். மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு மாடு செக்கு சுற்றுகிற மாதிரி சுற்றும். மாடு சுற்றச் சுற்ற, சீயக்காய்த் தூள் கலந்த வெந்நீர் உள்ளே பீய்ச்சி அடிக்கும். இது போதும், பெண்களை அனுப்பிவிடலாம் என்றார் மந்திரி.

மகாராஜா வீரகேசரி சிக்கனக்காரர், ஆனால் அவசரக்காரர் இல்லை. ஒரு மாதம் பார்ப்போம் என்றார். பாதி வட்டில் பொறிக்கு, பாதி பெண்களுக்கு. தண்ணீர், விறகு, தீனி எல்லாம் தனித்தனியாக எழுதி வர வேண்டும்.

மாதம் முடிந்தது. மந்திரி ஓலையை நீட்டினார். பொறிக்கு வேளைக்குப் பத்துக் குடம் தண்ணீர், ஒரு கட்டு விறகு, மாட்டுக்கு வைக்கோல். பெண்களுக்கு அறுபது குடம், மேற்கொண்டு நாளொன்றுக்கு எட்டுப் படி நெல்.

மகாராஜாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கோடைக்காலம் வேறு, கிணறு அடிமட்டத்தில் கிடந்தது. நாளைக்குச் சபையோடு வந்து பொறியை ஒரு தடவை பார்ப்பது, பௌர்ணமியோடு பெண்களை வீட்டுக்கு அனுப்புவது என்று முடிவாயிற்று.

சபையில் காத்தப்பன் என்று ஒரு ஆள் இருந்தான். மகாராஜாவைச் சிரிக்க வைப்பதும் சிந்திக்க வைப்பதும் அவன் உத்தியோகம். அன்று சாயங்காலம் மோர் குடிக்கக் கொல்லைப் பக்கம் போனான். வழக்கமாக அவன் தலையைக் கண்டதும், வாய்க்கு மட்டும்தான் வேலையா, கையையும் நீட்டுறது என்று ஒரு அண்டாவைத் தள்ளிவிடுவார்கள். அன்றைக்கு எட்டுப் பேரும் தலை நிமிராமல் தேய்த்துக்கொண்டிருந்தார்கள்.

மூத்தவள் சிலம்பாயி ஒரு வட்டிலைப் புளி போட்டுத் தேய்த்தாள், அலசினாள், முகம் தெரிகிற அளவுக்குத் துடைத்தாள். பிறகு எழுந்து போய் அதைப் பொறிக்குள்ளே செருகினாள்.

“ஏம்மா, துலக்கினதை எதுக்கு அதுக்குள்ளே வைக்கிறே?”

“பின்னே எச்சிலோடவா வைக்கச் சொல்றீங்க? வந்த அன்னைக்கே மந்திரி ஐயா சந்தனம் குங்குமம் வச்சுப் பூசை போட்டுட்டாரு. எச்சில் வட்டில் உள்ளே போனா தீட்டாம்.”

“சரி, இந்தத் தண்ணி யார் கணக்கு?”

“எங்க கைபட்ட தண்ணி எங்க கணக்குதான் சாமி. இருநூறையும் நாங்கதான் தேய்க்கிறோம். அதுல பாதியை அது இன்னொரு தடவை குளிப்பாட்டுது, அவ்வளவுதான். கணக்கப்பிள்ளைகிட்டச் சொன்னோம். சிரிச்சிட்டுப் போயிட்டாரு.”

இதை நேரே போய்ச் சொன்னால் மந்திரி இல்லை என்று சாதிப்பார், பேச்சுத்தான் வளரும். காத்தப்பன் மோரைக் குடித்துவிட்டு, சிலம்பாயியைத் தள்ளி அழைத்து மெதுவாக நாலு வார்த்தை சொன்னான்.

மறுநாள் மத்தியானம் சாப்பாடு முடிந்து சபையே கொல்லைக்கு வந்தது. நூறு வட்டில் ஏற்கெனவே பொறிக்குள் இருந்தது. மந்திரி கதவைச் சாத்தினார். மதிலுக்கு அப்பால் மாட்டுச் சலங்கை ஜல்ஜல் என்றது, சக்கரம் கிரீச் கிரீச் என்றது. அரை நாழிகை கழித்து மந்திரி கதவைத் திறந்து ஒரு வட்டிலை எடுத்து மகாராஜா கையில் கொடுத்தார். மகாராஜா அதில் தன் மீசையைப் பார்த்து முறுக்கிக்கொண்டார்.

“மனுசக் கையால் இந்தப் பளபளப்பு வருமா, மகாராஜா?” என்றார் மந்திரி. “இது முழுக்க முழுக்கப் பொறியின் வேலை.”

“நிச்சயமாகத்தானே சொல்கிறீர்கள்?” என்றான் காத்தப்பன்.

“என் பதவி மேல் ஆணை.”

“அப்படியானால் இவ்வளவு உழைத்த மாட்டுக்கு மகாராஜா கையாலே ஒரு பிடி புல் கொடுக்கலாமே.”

மகாராஜாவுக்கு அது பிடித்திருந்தது. மதிலைச் சுற்றிப் போனார். அங்கே மாடு இல்லை. சிலம்பாயி நின்றிருந்தாள். இடது கையில் சலங்கையைக் குலுக்கிக்கொண்டு, மரக்கிளையில் கட்டியிருந்த பழைய கிணற்று ராட்டினத்தை வலது கையால் இழுத்து விட்டுக்கொண்டிருந்தாள். மகாராஜாவைக் கண்டதும் இரண்டையும் விட்டுவிட்டுக் கும்பிட்டாள். மாடு தொழுவத்தில் படுத்து அசை போட்டுக்கொண்டிருந்தது. காலையிலிருந்து அதை யாரும் பூட்டவே இல்லை. வெந்நீர் அடுப்பிலும் தீ இல்லை.

காத்தப்பன் பூசை, எச்சில், தண்ணீர்க் கணக்கு எல்லாவற்றையும் எடுத்துச் சொன்னான். பொறியை ஏசவில்லை. மிச்சம் மீதியை வழித்துவிட்டு எச்சில் வட்டிலை அப்படியே வைத்து, தட்டு நிரம்பின பிறகு ஓட்டினால் அதுவும் நல்ல வேலைக்காரிதான் என்றான்.

மகாராஜா அங்கேயே நின்று உத்தரவு போட்டார். விருந்து நாளில் பொறி, மற்ற நாளில் பெண்கள், கூலியில் ஒரு பிடி நெல்லும் குறையக் கூடாது. பொறிக்குள் முதல் எச்சில் வட்டிலை மந்திரியே தன் கையால் வைக்க வேண்டும்.

பிறகு ஓலையைக் கையில் எடுத்துக்கொண்டு கேட்டார்.

“காத்தப்பா, இன்றைக்குப் பொறிக்கு எவ்வளவு செலவு என்று எழுதுவது?”

“ஒன்றுமில்லை என்று எழுதுங்கள், மகாராஜா. மந்திரி சொன்னதில் ஒரு குற்றமும் கிடையாது. ஓடாமல் சும்மா நின்றால் இதைவிடச் சிக்கனமான பொறி பூலோகத்திலேயே கிடையாது.”

மகாராஜா சிரித்த சிரிப்பில் தொழுவத்து மாடு எழுந்து நின்றுவிட்டது. கழுத்தில் கிடந்த முத்துமாலையைக் கழற்றினார். காத்தப்பன் தலையைக் குனிந்தான். மகாராஜா அவனைத் தாண்டிப் போய் அதைச் சிலம்பாயியின் புளிக்கையில் வைத்தார்.