அப்போய்

"என் மகள் குரலைத் திருடினவன் சொகமா இருக்கான். திருட்டுப் பட்டம் எனக்கு வந்திருக்கு. இது என்ன நியாயம், பேச்சிம்மா?"

நயினார் செல்போனை மேசையில் வைத்தார். வைத்தார் என்பதைவிட அறைந்தார் என்று சொல்வதே சரி.

பேச்சி ஒரு பத்திரத்தை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டிருந்தாள். எடுத்து முடித்த பிறகுதான் திரும்பினாள்.

தூத்துக்குடியில் கோர்ட்டுக்கு எதிரே அவள் கடை. ஜெராக்ஸ் எடுப்பாள், மனுவும் எழுதுவாள். பெயர்தான் பேச்சி, பேச்சு ரொம்பக் குறைவு. முப்பத்தைந்து வயதுக்காரியின் கடையில் அறுபது வயதுக்காரர்கள் வந்து உட்கார்ந்திருப்பார்கள். மனு எழுத வந்துவிட்டு, மனுவே வேண்டாமென்று எழுந்து போனவர்கள் உண்டு. அதனால் எதிர்வரிசை வக்கீல்களுக்கு அவள் மேல் கொஞ்சம் கடுப்பு.

அவள் யாரையும் சிஷ்யன் என்று சொன்னதில்லை. நயினார் மட்டும் தன்னை அப்படிச் சொல்லிக்கொண்டு திரிவார்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு கல்லூரி அடையாள அட்டையைக் கொண்டுவந்தவர் அவர். அதிலிருந்த சின்னப் படத்தைப் பெரிதாக்க வேண்டும், மாலை போடுவதற்கு. படத்தில் இருந்தது அவர் மகள் சண்முகக்கனி. இருபது வயதில் காய்ச்சல் அவளைக் கொண்டுபோய்விட்டது. அன்றிலிருந்து, பஸ் ஓட்டப் போகாத நாளெல்லாம் நயினாருக்கு அந்தக் கடை பெஞ்சுதான் கதி.

"நிதானமாச் சொல்லுங்க அண்ணாச்சி."

சொன்னார்.

கனி சாவதற்கு முந்தைய வாரம் அவருக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தாள். அப்பாவைச் சாப்பிடக் கூப்பிட்டு அவளே கட்டிப் பாடியது. முதல் வருஷத் திதியன்று, அவள் படத்தோடு சேர்த்து அதை இணையத்தில் ஏற்றினார் நயினார். சொந்தபந்தம் நாற்பது பேர் கேட்டார்கள். முன்பின் தெரியாத கோயம்புத்தூர்க்காரன் ஒருவனும் கேட்டிருக்கிறான். அவன் கனியின் குரலை மட்டும் தனியாகப் பிரித்து, அடியில் தாளம் சேர்த்து, 'அப்போய்' என்று பெயர் வைத்து வெளியே விட்டான். தன் பாட்டென்று பதிவும் செய்துகொண்டான்.

இப்போது மினிபஸ்ஸில் அதுதான் ஓடுகிறது. கல்யாண வீட்டில் அதுதான். சடங்கு வீட்டிலும் அதுதான்.

நான்கு நாளைக்கு முன்னால், நயினார் அதை ஏற்றியிருந்த இணையதளத்திலிருந்து அவருக்கு ஒரு கடிதம் வந்தது. நீங்கள் ஏற்றியிருப்பது 'அப்போய்' என்ற பாட்டின் நகல். இது காப்பிரைட் மீறல். ஆகவே நீக்கிவிட்டோம். ஆட்சேபம் இருந்தால் பதினான்கு நாளுக்குள் தெரிவிக்கவும்.

"நகலாம்மா! பெத்தவன்கிட்ட இருக்கிறதை நகல்னு சொல்லுதான்."

"அந்த ஆள்கிட்டப் பேசினீங்களா?"

"பேசினேன். 'அது நெட்டுல கெடந்துச்சுங்க அங்கிள், நான்தானுங்க பாட்டா ஆக்குனேன்'ங்கான். கெடந்துச்சாம்! கோயில் வாசல்ல செருப்பை மாத்திப் போட்டுக்கிட்டுப் போறவன்கூட இப்படிக் கூசாமப் பேசமாட்டான்."

பேச்சி சிரிக்கவில்லை.

"உங்களுக்கு என்ன வேணும்?"

"அந்தப் பாட்டு இனிமே எங்கயும் கேக்கக் கூடாது. வேரோட எடுக்கணும். கண்டவனும் ஆடுததுக்கா என் பிள்ளை பாடினா?"

பேச்சி கம்ப்யூட்டரில் ஆட்சேபப் பாரத்தைத் திறந்தாள்.

"பாட்டு யாரோடது?"

"என் மகளோடது."

"மெட்டு?"

நயினார் கொஞ்சம் யோசித்தார்.

"உப்புக்காரரோடது."

அவர் தெருவில் ஒருவர் சைக்கிளில் உப்பு விற்க வருவார். 'உப்போய்...' என்று இழுத்து ஒரு கூவல். கூவிவிட்டுக் கொஞ்சம் நிறுத்துவார். வீட்டுக்குள்ளிருந்து யாராவது 'வந்துட்டேன், நில்லும்' என்பார்கள். கனி சின்னப் பிள்ளையிலேயே அதைப் பிடித்துக்கொண்டாள். உப்பைத் தள்ளிவிட்டு அப்பாவை வைத்தாள். உப்போய், அப்போய் ஆகிவிட்டது.

தெருமுனையில் யாரோடாவது கதையளந்துகொண்டிருக்கும் நயினாரை அப்படித்தான் சோற்றுக்குக் கூப்பிடுவாள். கூப்பிட்டுவிட்டு, உப்புக்காரர் மாதிரியே நிறுத்துவாள். 'வந்துட்டேன் தாயி' என்று இவர் சொன்னால்தான் வாசலைவிட்டு உள்ளே போவாள். சொல்லாவிட்டால் வெயிலானாலும் நிற்பாள். பிடிவாதக்காரி.

"உப்புக்காரர்கிட்டக் கேட்டா எடுத்தா?" என்றாள் பேச்சி.

நயினாருக்குச் சுருக்கென்றது. "அதுவும் இதுவும் ஒண்ணாம்மா?"

"ஒண்ணுன்னு நான் சொல்லலியே. பாரத்துல கேட்டிருக்கு. எழுதணும்லா."

எழுதினாள். மெட்டு: உப்பு விற்பவரின் கூவல்.

"யாருக்காகப் பாடினது?"

"இதுவும் பாரத்துல இருக்கா?"

"இல்ல. இது நான் கேக்கேன்."

"எனக்காகத்தான். வேற யாருக்கு?"

அதை அவள் எழுதவில்லை. அடுத்த வரிக்குப் போனாள்.

"அவன் பாட்டுல எத்தனாவது நொடியிலேர்ந்து எத்தனாவது நொடி வரைக்கும் உங்களுக்குச் சொந்தம்?"

"முழுக்க."

"முழுக்கன்னு எழுத முடியாது. தாளம் அவன் போட்டது. நொடி சொல்லணும்."

நயினார் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நீங்களே கேட்டு எழுதிருங்கம்மா."

"மனு உங்களுது அண்ணாச்சி. காது மட்டும் என்னுதா?"

"ஒரு பாட்டைக் கேட்டு நொடி எழுத முடியாதா உங்களால? வேற ஆளே இல்லைன்னா உங்கள்ட்ட வந்தேன்?"

"எதிர்வரிசையில பதினெட்டு வக்கீல் இருக்காங்க."

நயினார் போனை எடுத்துக்கொண்டு வெளியேறினார். செருப்பை மாட்டும்போது கால் மாறிப்போனது. மாற்றி மாட்டிக்கொண்டு நடந்தார்.

கோபம் பேச்சி மேல் இல்லை. அவளிடம் சொல்லாத ஒன்று இருந்தது. யாரிடமும் சொல்லாதது.

அந்த வாய்ஸ் மெசேஜை அவர் முழுசாகக் கேட்டதே இல்லை.

அது வந்தபோது மதுரை ரோட்டில் ஒரு டீக்கடையில் பஸ் நின்றிருந்தது. போனைக் காதில் வைத்தார். 'அப்போய்...' என்று ஆரம்பித்தது. சிரிப்பு வந்துவிட்டது. கண்டக்டர் விசில் ஊதினார். அப்புறம் கேட்போம் என்று சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். மறுநாள் வேறொரு டிரைவர் லீவு. அவனுக்குப் பதிலாக இவரே ஓட்டினார். அதற்கடுத்த நாளும் ஓட்டினார். வீட்டிலிருந்து காய்ச்சல் என்று போன் வந்தபோது, மாத்திரை கொடுங்க, வந்துருதேன் என்றார். வந்து சேர்ந்தபோது கனி ஆஸ்பத்திரியில் இருந்தாள். அதன்பிறகு அவள் கண் திறக்கவில்லை.

பிறகு கேட்டுப் பார்க்காமல் இல்லை. விரல் அழுத்தும். 'அப்போய்' என்று வரும். விரல் தானாக நிறுத்திவிடும். மூன்று வருஷமாக அந்த நான்கு நொடியைத் தாண்டியதில்லை. இணையத்தில் ஏற்றியபோதும் கேட்காமல்தான் ஏற்றினார். கல்யாண வீட்டில் அந்தப் பாட்டு ஆரம்பித்தால், பாதிப் பந்தியில் எழுந்து, காதைப் பொத்திக்கொண்டு தெருவுக்கு வந்துவிடுவார். பாட்டைத் திருடின ஆத்திரம் என்று ஊரார் நினைத்தார்கள். அவரும் அப்படியே நினைத்துக்கொண்டார்.

ஒன்பது நாள் அவர் கடைப்பக்கம் வரவில்லை.

பத்தாவது நாள் காலையில் பேச்சி கடையைத் திறந்தபோது பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். சவரம் செய்யாத முகம்.

"இன்னைக்குத்தான் கடைசி நாள்," என்றார்.

பேச்சி ஹெட்போனை எடுத்து வைத்தாள். பக்கத்தில் ஒரு வெள்ளைத்தாள், ஒரு பென்சில்.

"முதல்ல உங்ககிட்ட இருக்கிறது. அப்புறம் அவன் போட்டது."

சொல்லிவிட்டு முதுகைக் காட்டிக்கொண்டு மெஷினுக்குப் போனாள். அன்றைக்கு ஜெராக்ஸ் எடுக்க யாரும் வரவில்லை. இருந்தாலும் மெஷினைத் துடைத்துக்கொண்டே நின்றாள்.

நயினார் அழுத்தினார்.

'அப்போய்...'

விரல் நகர்ந்தது. அந்த விரலை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டார்.

சோறு ஆறுது, குழம்பு ஆறுது, அப்பளம் நமுத்துப்போகுது என்று பாடினாள் கனி. இழுக்கிற இடத்தில் உப்புக்காரர் மாதிரியே இழுத்தாள். நடுவில் ஒருதரம் இருமினாள். காய்ச்சல் அப்போதே தொடங்கியிருக்கிறது. பாட்டை முடித்துவிட்டுச் சாதாரணமாகப் பேசினாள்.

'சிரிக்காதீங்க. நீங்க வரட்டும்னு நான் இன்னும் சாப்பிடல. வாரியளா இல்லையா?'

அதற்குப் பிறகு சத்தம் இல்லை. மின்விசிறி சுற்றுவது கேட்டது. அவள் மூச்சு கேட்டது. மூன்று நொடி. போனில் பதில் வராது என்று தெரிந்தும், வாசலில் நிற்கிற மாதிரியே நிறுத்தியிருக்கிறாள். மூன்று நொடி பொறுத்துப் பார்த்துவிட்டு விரலை எடுத்திருக்கிறாள்.

நயினாருக்கு அழுகை வரவில்லை. வந்திருந்தால் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

"அடுத்தது," என்றாள் பேச்சி, திரும்பாமலே.

கோயம்புத்தூர்க்காரன் பாட்டைப் போட்டார். தாளம் எடுத்த எடுப்பிலேயே மண்டையில் இடித்தது. அந்த இடிக்கு நடுவில் கனி பாடினாள். ஒரே வரியை நாலுதரம் பாடவைத்திருந்தான். இருமலைக்கூட விடாமல் அதையும் தாளமாக்கியிருந்தான் படுபாவி. நயினார் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

'வாரியளா இல்லையா?'

சட்டென்று தாளம் நின்றது.

அந்த மூன்று நொடியை அவன் வெட்டவில்லை. மின்விசிறிச் சத்தத்தோடு அப்படியே விட்டிருந்தான். விட்டுவிட்டு, அதற்குள் ஒரு கூட்டத்தைக் கத்தவைத்திருந்தான். ஆணும் பெண்ணுமாக நூறு பேர் இருக்கும்.

'வந்துட்டேன்!'

மறுபடி தாளம் இடித்தது.

நயினார் நிறுத்தவில்லை. பாட்டு முடிந்து, தானாகவே மறுபடி ஆரம்பித்தது. மறுபடியும் கனி கூப்பிட்டாள். மறுபடியும் அவர்கள் வந்துட்டேன் என்றார்கள். மூன்றாவது தடவையும். கல்யாண வீடுகளில் இவர் காதைப் பொத்திக்கொண்டு தெருவில் நின்றபோதெல்லாம், உள்ளே பந்தலே சேர்ந்து அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.

பேச்சி வந்து ஹெட்போனை மெதுவாகக் கழற்றினாள்.

"எழுதிட்டீங்களா?"

நயினார் பென்சிலை எடுத்தார். ஒரே ஒரு வரி எழுதித் தாளை நகர்த்தினார்.

38 முதல் 41 வரை.

பேச்சி பாட்டை ஓட்டி அந்த இடத்தைக் கேட்டாள். இன்னொருதரம் கேட்டாள்.

"மத்த நொடியெல்லாம்?"

"அது அவ பாடினது. பாடிட்டுப் போகட்டும்."

"நீங்க எழுதியிருக்கிற இடத்துல உங்க மகள் குரலே இல்லையே, அண்ணாச்சி."

"இல்லம்மா," என்றார் நயினார். "அது நான் சொல்லவேண்டியது."