வேட்டியில் விழுந்த மருந்து

ஒரு மலையில் செம்பாயி என்றொரு வேட்டைக்காரி இருந்தாள். அவளிடம் ஒரு நாட்டுத் துப்பாக்கி. குழலின் வாய்வழியாக வெடிமருந்தைக் கொட்டி, மேலே குண்டை வைத்து, கோலால் இடித்து இறுக்கிச் சுடுகிற ரகம். ஒரு தடவை சுட்டால் மறுபடி நிரப்ப ஆற அமர நேரம் வேண்டும். எதிரே நிற்கிற காட்டுப்பன்றி அதுவரை வெற்றிலை போட்டுக்கொண்டா இருக்கும்?

பன்றியும் லேசுப்பட்ட பன்றி இல்லை. இரண்டு கொல்லைச் சாமையைத் தின்று தீர்த்தது. விரட்டப் போன அவள் புருசன் கொங்காடனைத் தொடையில் கிழித்துப் படுக்கையில் போட்டது. மிச்சம் ஒரே ஒரு கொல்லை. அதுவும் போனால் மலையை விட்டு இறங்கிச் செங்கல் சூளைக்குப் போக வேண்டியதுதான்.

மருந்து வைக்கிற மாட்டுக் கொம்புக்குள் அடைபட்டிருந்த கரிமருந்துக்கும் இது தெரியும். நல்ல மனசுதான். வாய்தான் கொஞ்சம் நீளம்.

"இந்தத் தடவை என்னை ரெண்டு குப்பி போடட்டும். அந்தப் பன்றி மலைக்கு அந்தாண்டை போய் விழுதா இல்லையா பாருங்க!" என்றது.

"அப்படிப் போடு!" என்றது நெட்டைக் குண்டு. அது செம்பாயியின் தம்பி கீழே சந்தையிலிருந்து கொண்டுவந்த புது வரவு. "என் கனத்துக்கு அவ்வளவு மருந்து இருந்தாத்தான் சரிப்படும். இந்த உருண்டைப் பயல் எல்லாம் காக்கா விரட்டத்தான் லாயக்கு."

உருண்டை ஈயக் குண்டு எண்ணெய்த் துணியை இழுத்துப் போர்த்திக்கொண்டு கிடந்தது.

மருந்தை அளக்கிற மூங்கில் குப்பிக்குத்தான் பொறுக்கவில்லை. "ஒரு குப்பிக்கு மேல இந்தத் துப்பாக்கிக்கு ஆகாதுண்ணே" என்றது.

மருந்துக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. "சுண்டுவிரல் அளவு இருந்துக்கிட்டு நீ யாருடா எனக்கு அளவு சொல்ல? உன் வயித்துல அடங்குறதுதான் என் பலமா?"

செம்பாயியின் கெட்டிக்காரத்தனம் என்னவென்றால், யார் வாய்ப்பேச்சையும் அவள் எடுத்துக்கொள்ள மாட்டாள். துப்பாக்கியிடமே கேட்டுவிடுவாள்.

அன்று உச்சிப்பொழுதில் ஒரு பலாப்பலகையை மேட்டில் சாய்த்து, கரியால் வட்டம் போட்டாள். நாற்பது எட்டு தள்ளி வந்தாள். துப்பாக்கியின் வாய்க்கு முன்னால் தரையில் கொங்காடனின் வெள்ளை வேட்டியை விரித்தாள். எதற்கு என்று யாருக்கும் புரியவில்லை.

முதலில் நெட்டைக் குண்டுக்கு ஒன்றரைக் குப்பி போட்டாள். அதைத் தாண்டினால் குழலே வெடிக்கும் என்று அவளுக்குத் தெரியும். சுட்டாள். காடே அதிர்ந்தது. அவள் தோள் பின்னால் போனது.

"சத்தத்தைக் கேட்டீங்களா!" என்று கொம்புக்குள் மருந்து குதித்தது.

பலகையைப் போய்ப் பார்த்தால் வட்டத்தில் ஒன்றுமில்லை. ஒரு முழம் தள்ளி, ஓரத்தில், குட்டிக்கரணம் போட்டு வந்த நெட்டைக் குண்டு படுக்கைவாட்டில் பதிந்திருந்தது. செம்பாயி திரும்பி வந்து வேட்டியைப் பார்த்தாள். கடுகு சிந்தினாற்போல் கறுப்புக் கறுப்பாய் ஏதோ கிடந்தது.

"யாரது?" என்றது மருந்து.

"உன் ஆளுங்கதாண்ணே. உள்ளே எரிய இடமும் நேரமும் கிடைக்காம வெளியே வந்து விழுந்தவங்க" என்றது குப்பி. அது கேலியாகச் சொல்லவில்லை. அதனாலேயே மருந்துக்கு இன்னும் அதிகமாக வலித்தது.

அடுத்து ஒரே குப்பி மருந்து, எண்ணெய்த் துணி சுற்றிய உருண்டை. சத்தம் அதிகமில்லை. குண்டு வட்டத்தின் நடுவில் போய் உட்கார்ந்தது. இன்னும் இரண்டு உருண்டைகளைச் சுட்டாள். மூன்று ஓட்டையையும் உள்ளங்கையால் மூடிவிடலாம். வேட்டியில் புதிதாய் ஒரு பொட்டுகூட விழவில்லை.

"அடேயப்பா! அடிச்சா இப்படி அடிக்கணும்" என்றது பலகை ஓரத்தில் பதிந்து கிடந்த நெட்டைக் குண்டே.

செம்பாயி மருந்தை வீணாக்குகிறவள் இல்லை. வேட்டியில் கிடந்ததைக் கோழி இறகால் கூட்டிக் குப்பியில் போட்டாள். அரைக் குப்பி வந்தது. மீதியைக் கொம்பிலிருந்து நிரப்பித் துப்பாக்கிக்குள் கொட்டினாள். மேலே ஓர் உருண்டையை வைத்து இறுக்கினாள்.

மறுநாள் விடிகிற நேரத்தில், செம்பாயி காத்திருந்த கொல்லைக்குள் பன்றி நுழைந்தது. ஆள் வாடை பட்டதும் தலையைத் தூக்கியது. நேரே பாய்ந்தது.

குழலுக்குள் மருந்து நடுங்கியது. "நேத்து வெளியே விழுந்தவங்க நாங்க. எங்களால ஆகுமா?"

"இன்னிக்கு உங்களுக்கு இடம் இருக்கு. எரிஞ்சு தள்ளுங்க, நான் போறேன்" என்றது உருண்டை. அது வாயைத் திறந்து பேசியது அந்த ஒரு தடவைதான்.

இருபது எட்டுக்குள் வரும்வரை செம்பாயி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். விசையை இழுத்தாள்.

பன்றி நாலு எட்டு ஓடி முன்னங்கால் மடங்கி விழுந்தது. செம்பாயி அதன் பக்கம் போகவில்லை. முதலில் குனிந்து தன் முன்னால் இருந்த புல்லைத்தான் பார்த்தாள். ஒரு கறுப்புமணிகூட இல்லை.

"ஒருத்தர் பாக்கியில்லாம எரிஞ்சிட்டாங்கண்ணே!" என்றது குப்பி. கொம்புக்குள் இருந்த மருந்துக்கு அழுகையே வந்துவிட்டது, சந்தோசத்தில்.

அந்த வருசம் சாமை வீடு வந்து சேர்ந்தது. கொங்காடனும் எழுந்து நடந்தான். சூளைப் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

அடுத்த வேட்டைக்குச் செம்பாயி கொம்பைச் சாய்த்தாள். குப்பி நிரம்பியது. அது வாய் திறப்பதற்கு முன்பே மருந்து சொன்னது:

"போதும், தாயி."