சாம்பிராணி போன வழி

வீட்டை விற்க வந்த வைரவநாதன் மார்தட்டினார். "இந்தச் சுவத்துல ஒரு விரிசல் காட்டுங்க பார்ப்போம். ஆனா சாமி படங்களை மட்டும் யாரும் தொடக்கூடாது."

படங்கள் சன்னல் மூலையிலிருந்து மலையேறுவது போலச் சாய்ந்த வரிசையில் மாட்டப்பட்டிருந்தன. வாழ்நாள் சேமிப்பை முன்பணமாகக் கொண்டுவந்திருந்த கோமதி அவற்றையே பார்த்தாள்.

கூட வந்த சமையல்காரி செல்லக்கிளி கும்பிட்டாள். "தொடலைங்கய்யா. சாம்பிராணி மட்டும் காட்டிக்கிறேன்."

"காட்டு, புண்ணியம்தான்."

"அம்மா, நீங்க தோட்டத்துல போய் நில்லுங்க," என்று சொல்லிவிட்டு, அவள் ஒவ்வொரு படத்துக்கும் அடியில் புகையை விசிறினாள்.

கொடி படர்ந்த வெளிச்சுவரில், சன்னல் மூலையிலிருந்து கூரைவரை, இலைகளுக்கு நடுவே சாய்கோடாகப் புகை கசிந்தது. கோமதி தன்னையறியாமல் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"அம்மா, சாமி தெரியறாரா?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"நல்லாத் தெரியறார். வா, கிளம்பலாம்."