புதுச் சுவரும் ஒரு பொட்டலம் ஆணியும்

அன்று புது வீட்டில் இருந்தவர்கள்: கோடிச்சாமி, அவருடைய சீடர் தில்லைநாயகம், சீடரின் மனைவி சௌந்தரவல்லி, பெயிண்டர் செபஸ்தியான், மாடு ஓட்டி வந்த பிச்சைக்கண்ணு, மாடு, கன்று. ஐயர் வாசலில் ஓமத்தை முடித்துவிட்டு இன்னொரு விசேஷத்துக்குப் போய்விட்டார். அதனால் அவரைச் சேர்க்கவில்லை. சௌந்தரவல்லியின் அப்பா சட்டம் போட்ட படமாக வந்திருந்தார். அவரைச் சேர்ப்பதும் விடுவதும் படிப்பவர் விருப்பம்.

சாமி ஊரின் கடைசி வீட்டில் இருப்பவர். அதனால் அந்தப் பெயர். சாமியைவிடச் சீடர் ஒன்பது வயது மூத்தவர். கூட்டுறவுச் சங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.

தில்லைநாயகம் கல்யாணமான நாளிலிருந்து வாடகை வீட்டில்தான் இருந்தார். பட்டுக்கோட்டையிலேயே ஆறு வீடு மாறினார். ஓய்வு பெற்றபோது வந்த பணத்தில் ஒரு பழைய வீட்டை வாங்கினார். தரையைப் பெயர்த்து டைல்ஸ் பதித்தார். சமையல்மேடைக்குக் கிரானைட் போட்டார். சுவரைச் சுரண்டி, பட்டி பார்த்து, சந்தன நிறத்தில் இரண்டு கோட் பெயிண்ட் அடித்தார்.

ஆறு வாடகை வீட்டிலும் ஓனர்கள் முதலில் சொன்னது ஒன்றுதான். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது.

அதனால் சௌந்தரவல்லியின் அப்பா ஆறு வீட்டிலும் ஃபிரிட்ஜ் மேல் சாய்ந்துகொண்டிருந்தார். ஃபிரிட்ஜ் கதவை வேகமாகச் சாத்தினால் குப்புற விழுவார். கண்ணாடி மூன்று முறை மாற்றியாயிற்று. ஒவ்வொரு முறை விழும்போதும் தில்லைநாயகம் மனைவியிடம் சொல்வார்.

"சொந்த வீடு வரட்டும். மாமாவை நடு ஹால்ல மாட்டறேன்."

சொந்த வீடு வந்துவிட்டது.

ஓமத்தை வாசலில் நடத்தச் சொன்னதும் அவர்தான். உள்ளே நடத்தினால் சீலிங் கறுக்கும் என்றார். ஐயர் புகையில் இருமியபடியே மந்திரத்தை முடித்தார்.

பிறகு மாட்டை உள்ளே அழைக்க வேண்டும். வாசற்படிக்கு உள்பக்கம் ஒரு சாக்கு விரித்திருந்தது.

"அடுப்படி வரைக்கும் போகணும் சார்," என்றார் பிச்சைக்கண்ணு. "அப்பத்தான் லட்சுமி வந்த கணக்கு."

"சாக்கு வரைக்கும் வந்தா போதும்."

"மாடு சாக்கைப் பாத்தெல்லாம் நடக்காது சார்."

"உள்ள வந்து கோமியம் விட்டுடுமோ?"

"விட்டா ரொம்ப விசேஷம். அதுக்குத்தானே கூட்டியாறது."

"விசேஷம்தான். யாரு இல்லேன்னா. அதை வெளியில விட்டாலும் விசேஷம்தானே?"

பிச்சைக்கண்ணு மாட்டைப் பார்த்தார். மாடு தலையை மட்டும் உள்ளே நீட்டி டைல்ஸைப் பார்த்தது. பிறகு கன்றோடு திரும்பி முருங்கை மரத்தடிக்குப் போய், அங்கே தாராளமாக விசேஷம் செய்தது.

அடுத்தது பால். புது வீட்டில் பால் பொங்கி வழிய வேண்டும். தில்லைநாயகம் அடுப்புக்குப் பக்கத்தில் கையில் துணியோடு நின்றார். நுரை பாத்திரத்தின் விளிம்புக்கு வந்ததும் அடுப்பை அணைத்தார்.

"பொங்கலையே," என்றார் சௌந்தரவல்லி.

"பொங்குன மாதிரிதான். வழிஞ்சா கிரானைட்ல கறை பிடிக்கும்."

சௌந்தரவல்லி பாத்திரத்தை மூடினார்.

சாமி ஹாலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில், துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பின்னால் செபஸ்தியான் பெயிண்ட் டப்பாவும் பிரஷ்ஷுமாக நின்றார். பெயிண்ட் வேலை முடிந்து ஒரு மாதம் ஆகிறது. வருகிறவர்கள் சுவரைத் தொட்டால் உடனே அந்த இடத்தைப் பூசுவதற்காக அன்று ஒரு நாள் கூலிக்கு அவரை வரச் சொல்லியிருந்தார்கள்.

"சாமி, கொஞ்சம் முன்னால வாங்க," என்றார் செபஸ்தியான்.

சாமி முன்னால் நகர்ந்தார். செபஸ்தியான் பூசினார்.

"என் தலையா?" என்றார் சாமி.

"தலை படலை சாமி. எண்ணெய் பட்டிருக்கு."

எல்லோருக்கும் டீ வந்தது. தில்லைநாயகம் இன்னொரு நாற்காலியைச் சத்தமில்லாமல் தூக்கி வந்து சாமி எதிரே போட்டு உட்கார்ந்தார்.

"சாமி, ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க."

"பத்திரம் எம் பேர்ல இருக்கு. பட்டா மாத்தியாச்சு. கரண்ட், தண்ணி வரி எல்லாம் எம் பேருதான்."

"சரி."

"ஆனா உள்ள நுழைஞ்சா வேற யாரு வீட்டுக்கோ வந்த மாதிரி இருக்கு. குரல் தானா இறங்கிடுது. தும்மல் வந்தா வெளியில போய்த் தும்மறேன். இது என் வீடுன்னு எப்ப சாமி தோணும்?"

சாமி டீயைக் குடித்து முடித்தார். காகிதக் கப்பைக் கீழே வைக்கக் குனிந்தார்.

"கீழ வேணாம் சாமி. வட்டம் விழும்," என்று தில்லைநாயகம் எழுந்து அதை வாங்கிக்கொண்டார்.

அப்போது சௌந்தரவல்லி வந்தார். ஒரு கையில் அப்பா படம். இன்னொரு கையில் சுத்தியலும், காகிதப் பொட்டலத்தில் ஆணியும்.

"என்னங்க, அப்பாவை மாட்டிடுங்க."

தில்லைநாயகம் படத்தைப் பார்த்தார். நடுச் சுவரைப் பார்த்தார். இரண்டு கப்பும் அவர் கையில் இருந்தன.

"இன்னைக்கேவா?"

"நல்ல நாள் இன்னைக்குத்தானே."

"பட்டி இன்னும் இறுகலையே. என்ன செபஸ்தியான்?"

"அது அப்பவே இறுகிடுச்சு சார்."

தில்லைநாயகம் செபஸ்தியானைப் பார்த்த பார்வையில் நாள் கூலியைக் கொடுத்ததற்கான வருத்தம் இருந்தது.

"ஆணி இல்லாம ஒட்டற கொக்கி ஒண்ணு வருதாம். விசாரிக்கறேன்."

"தேக்குச் சட்டங்க. கொக்கியோட சேந்து விழுவாரு."

"அப்ப கொஞ்ச நாளைக்கு..." என்று தில்லைநாயகம் ஃபிரிட்ஜ் இருந்த பக்கம் திரும்பினார்.

செபஸ்தியான் டப்பாவின் மூடியைத் திறந்து, மறுபடி மூடினார்.

"ஆறு ஓனரைப் பாத்துட்டேன்," என்றார் சௌந்தரவல்லி. "மாமான்னு உறவு சொல்லிக்கிட்டே அவரை மாட்டாதேன்னு ஒருத்தரும் சொல்லலை."

"அதுக்கில்ல சௌந்தரம்..."

"பழைய வீட்டுச் சாவி எங்கிட்டதான் இருக்கு. மாசம் முடியற வரைக்கும் வாடகை கட்டியிருக்கு. நான் அங்க போறேன்."

"பால் காய்ச்சின அன்னைக்கே போவாங்களா?"

"பொங்காத பாலுக்கு என்ன சாஸ்திரம்?"

ஆணியையும் சுத்தியலையும் காலி நாற்காலியில் வைத்தார். படத்தைப் பையில் போட்டுக்கொண்டார். பை சின்னது, அப்பாவின் தலை வெளியே தெரிந்தது. அப்பாவும் மகளுமாக வாசலுக்குப் போய்ச் செருப்பைத் தேடினார்கள்.

"சாமி, நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க," என்றார் தில்லைநாயகம்.

சாமி எழுந்தார். பையை நாற்காலியில் வைத்தார். சுத்தியலை எடுத்தார். பொட்டலத்திலிருந்து ஓர் ஆணியை எடுத்தார். நடுச் சுவருக்கு நேரே போனார். அளந்து பார்க்கவில்லை. கைக்கு எட்டிய இடத்தில் ஆணியை வைத்து ஓங்கி அடித்தார்.

ஆணி கோணலாக இறங்கியது. உள்ளங்கை அளவு சுவர் பெயர்ந்து டைல்ஸ் மேல் விழுந்தது. சந்தன நிறத்துக்கு அடியில் சுரண்டியும் போகாத, பழைய ஓனர் அடித்த பச்சை தெரிந்தது.

"யோவ் சாமி, என்ன பண்றீங்க! அது என் சுவரு!"

முருங்கை மரத்தடியில் மாடு தலையைத் தூக்கியது. எதிர் வீட்டில் ஒரு ஜன்னல் திறந்தது. தில்லைநாயகத்துக்கு இப்படி ஒரு குரல் இருப்பது சௌந்தரவல்லிக்கே அன்றுதான் தெரிந்தது. ஒரு காலில் செருப்போடு நின்று திரும்பிப் பார்த்தார்.

"யாரு சுவரு?" என்றார் சாமி.

"என் சுவரு. நான் வாங்கின வீடு. என் சுவரு."

"அப்படியா? அப்ப ஆணி அடிக்க நீங்க யாரையும் கேக்க வேணாம்."

சுத்தியலைத் திருப்பிப் பிடித்து, கைப்பிடிப் பக்கமாக அவரிடம் நீட்டினார்.

தில்லைநாயகம் சுத்தியலைப் பார்த்தார். காகிதக் கப் இரண்டும் கையில் நசுங்கியிருந்தன. அவற்றை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. பிறகு தரையில் வைத்தார்.

இத்தனை வருஷத்தில் அவர் ஓர் ஆணிகூட அடித்ததில்லை. அடிக்க வேண்டிய தேவை வந்ததில்லை. முதல் ஆணி சுத்தியல் பட்டதும் பறந்துபோயிற்று. இரண்டாவது வளைந்தது. மூன்றாவதும் வளைந்தது, அதற்கு முன் கட்டை விரலில் ஓர் அடி விழுந்தது.

"சார், நான் அடிக்கட்டுங்களா?" என்றார் செபஸ்தியான்.

"வேணாம் செபஸ்தியான். அவரே அடிக்கட்டும்," என்றது வாசலிலிருந்து ஒரு குரல்.

நான்காவது இறங்கியது.

சௌந்தரவல்லி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து படத்தைக் கொடுத்தார். தில்லைநாயகம் மாட்டினார். எல்லோரும் தள்ளி நின்று பார்த்தார்கள்.

"மாமா ஒரு பக்கமா சாஞ்சிருக்காரே," என்றார் தில்லைநாயகம்.

"ஃபிரிட்ஜ் மேல இருந்த பழக்கம்," என்றார் சௌந்தரவல்லி. "இடது பக்கம் கொஞ்சம் ஏத்துங்க."

"ஏத்தினா சட்டம் சுவத்துல உரசி..." என்று தொடங்கினார். நிறுத்தினார். ஏற்றினார்.

சௌந்தரவல்லி உள்ளே போய் மறுபடி அடுப்பைப் பற்ற வைத்தார். தில்லைநாயகமும் பின்னால் போனார். துணி இப்போது அவர் கட்டை விரலில் சுற்றியிருந்தது. அதனால் பால் எந்தத் தடையும் இல்லாமல் பொங்கி, பாத்திரத்தின் நாலு பக்கமும் வழிந்து, கிரானைட்டில் ஓடி, கீழே டைல்ஸ் வரை வந்தது. இருவரும் நின்று பார்த்தார்கள். யாரும் துடைக்கவில்லை. நுரை அடங்கியதும் சௌந்தரவல்லி எல்லோருக்கும் டம்ளரில் ஊற்றிக் கொடுத்தார். பிச்சைக்கண்ணு தன்னுடையதில் பாதியைக் கன்றுக்குக் கொண்டுபோனார்.

ஹாலில் செபஸ்தியானுக்கு ஒரு சந்தேகம். சாமி அடித்த ஆணி கோணலாக நின்றுகொண்டிருந்தது. அதைச் சுற்றிப் பச்சை.

"சாமி, இதைப் பிடுங்கிட்டுப் பட்டி வச்சுப் பூசிடட்டுங்களா?"

சாமி பாலைக் குடித்து, டம்ளரைத் தரையில் வைத்தார்.

"ஹவுஸ் ஓனரைக் கேளுங்க."

செபஸ்தியான் திரும்பினார். சௌந்தரவல்லியும் திரும்பினார். தில்லைநாயகம் கதவில் சாய்ந்தபடி ஆணியைப் பார்த்தார். பச்சையைப் பார்த்தார். தரையில் கிடந்த சுவரைப் பார்த்தார். நாற்காலியில் இருந்த சாமியின் பையை எடுத்துக்கொண்டு போய் அந்த ஆணியில் மாட்டினார்.

பொட்டலத்தில் வாங்கிய ஆணி இருபது. சாமி அடித்தது ஒன்று. பறந்தது ஒன்று; அது இன்னும் கிடைக்கவில்லை. வளைந்தது இரண்டு. படத்துக்கு ஒன்று.

மீதி பதினைந்து.