புளிப்பை விட்டுக்கொடுக்காத கொடி

அந்தக் காலத்தில் கொடியும் பூஞ்சையும்கூட மனிதரோடு வாயாடிக்கொண்டிருந்தன. ஜெர்மனி தேசத்தில், வளைந்து வளைந்து ஓடும் ஓர் ஆற்றங்கரையில், ஏணி சாத்திவைத்தாற்போல் ஒரு மலைச்சரிவு. மண் என்று சொல்ல அங்கே ஒன்றுமில்லை. எல்லாம் கறுத்த பலகைக்கல் சில்லு. அதன் உச்சியில் இர்மெலா என்பவள் ஊர்ப் பொதுநிலத்தில் திராட்சை வளர்த்துவந்தாள்.

அந்த ஊரில் ஒரு கட்டுப்பாடு உண்டு. காய் கனியத் தொடங்கியதும் தோட்ட வாசலில் வைக்கோல் பிரி கட்டிவிடுவார்கள். பிறகு சொந்தக்காரர்கூட உள்ளே போகக்கூடாது. தேவாலய மணி அடிக்கும் நாளில் பிரியை அவிழ்த்து, ஊரே ஒன்றாக அறுத்து முடித்துவிடும். மற்றக் கொடிகள் மணிக்கு முன்பே பழுத்து நிற்கும். இர்மெலாவின் கொடி மட்டும் பச்சைக்காயோடு நிற்கும். அதன் மதுவைக் குடித்தவர்களின் கண் தானாக மூடிக்கொள்ளும், அவ்வளவு புளிப்பு.

"இந்த வருஷமும் புளித்தால் கொடியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு ஆடு மேயவிடுவோம்" என்று ஊர்ப் பெரியவர் கொன்ராட் சொல்லிவிட்டார்.

மணி அடித்தது. இர்மெலா வேலி ஓரத்தில் நின்றபடியே ஒரு காயைப் பறித்துக் கடித்தாள். பல் கூசியது.

"இன்னும் ஆகவில்லை" என்றது கொடி.

"எப்போது ஆகும்?"

"எனக்கே தெரியாது. காலடியில் கல் இன்னும் சூடாகத்தான் இருக்கிறது. அது இருக்கும்வரை நானும் வேலை செய்வேன்."

இர்மெலா பிரியைத் தொட்டாள். அவிழ்ப்பதற்குப் பதிலாக இன்னொரு முடிச்சுப் போட்டாள். அந்த ஊரில் அதுவரை யாரும் செய்யாத காரியம் அது.

கொன்ராட் மூச்சிரைக்க ஏறிவந்தார். "ஏம்மா, மணி உன் காதில் விழவில்லையா?"

"விழுந்தது பெரியவரே. என் கொடியின் காதில்தான் விழவில்லை."

"மழை வந்தால் மொத்தமும் அழுகிப்போகும்."

"அழுகினால் ஆடுகளை நானே ஓட்டிவருகிறேன்."

இலைகள் மஞ்சளாகி உதிர்ந்தன. ஊரில் எல்லார் வீட்டிலும் பீப்பாய் நிரம்பிவிட்டது. இர்மெலா மட்டும் தினமும் காலையில் மேலே ஏறிப் போய் நிற்பாள். ஒருநாள் ஆற்றிலிருந்து எழுந்த மூடுபனிக்குள் சாம்பல் நிறத்தில் யாரோ ஒண்டிக்கொண்டு வந்தார்கள். பார்த்தால் பூஞ்சை.

"ரொட்டியில் உட்கார்ந்தால் சுரண்டி எறிகிறார்கள். சுவரில் படர்ந்தால் சுண்ணாம்பு அடிக்கிறார்கள். தாகமாக இருக்கிறதம்மா, இந்தப் பழத்தில் கொஞ்சம் குடித்துக்கொள்ளவா?"

இர்மெலா கையில் குச்சியை எடுத்துவிட்டாள். பிறகு கொடியைப் பார்த்தாள்.

"குடிக்கலாம். தண்ணீரை மட்டும். இனிப்பைத் தொடக்கூடாது" என்றது கொடி.

"சரி. அந்தப் புளிப்பையாவது தருவாயா? உனக்குத்தான் அதனால் கெட்ட பெயர்."

"அதைக் கேட்காதே. ஊர் சிரித்தாலும் அதுதான் என் கொழுகொம்பு. அதைப் பிடுங்கிவிட்டால், வரப்போகும் இனிப்பு எதைப் பற்றிக்கொண்டு நிற்கும்?"

இர்மெலா குச்சியைக் கீழே போட்டாள். "நானும் ஒன்று சொல்லிவிடுகிறேன். பனியோடு வா, உச்சி வெயில் ஏறியதும் எழுந்து போய்விடு. போய்ப் போய் வந்தால் நீ விருந்தாளி. இங்கேயே சப்பணமிட்டு உட்கார்ந்தாயானால் வெறும் அழுகல். குச்சி இங்கேதான் கிடக்கும்."

பூஞ்சை சொன்ன சொல் தவறவில்லை. காலையில் வந்து பழத்தோலில் ஊசிமுனைத் துளை போட்டு உறிஞ்சும். வெயில் வந்ததும் போய்விடும். மணிமணியாக இருந்த பழங்கள் சுருங்கிப் பழுப்பாகி, மேலே சாம்பல் பூத்து நின்றன. எல்லாம் ஒரே நாளில் ஆகவில்லை. ஆனதை மட்டும் இர்மெலா ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுத்தாள். மறுபடி ஏறினாள், மறுபடி கிள்ளினாள். விரல் நுனி விறைத்துப்போகும் குளிரிலும் விடவில்லை. சரிவு முழுவதும் பிழிந்தும் ஒரே ஒரு சின்னப் பீப்பாய்தான் தேறியது.

"எலி தின்ற மிச்சம்போல இருக்கிறது" என்று பிழியும் முன்பே அந்தப் பழத்தைப் பார்த்துச் சொல்லியிருந்தார் கொன்ராட். "வசந்தத்தில் பீப்பாயைத் திறக்கும்போது வருகிறேன். ஆடுகளோடு."

சொன்னபடியே வந்தார். பன்னிரண்டு ஆடுகள் வாசலில் நின்றன. இர்மெலா பொன்னிற மதுவை ஊற்றிக்கொடுத்தாள். பழைய ஞாபகத்தில் கண்ணை முன்கூட்டியே மூடிக்கொண்டுதான் அவர் குடித்தார். தேன். தேனுக்குப் பின்னால் வெயிலில் காய்ந்த சர்க்கரைப் பாதாமிப் பழம். இனித் திகட்டப்போகிறது என்று நினைத்த நொடியில் அடியிலிருந்து அந்தப் பழைய புளிப்பு எழுந்துவந்து நாக்கைக் கழுவிவிட்டுப் போனது.

கண்ணைத் திறந்து கோப்பையை மறுபடி நீட்டினார்.

"ஆடு பசியோடு நிற்கிறதே, பெரியவரே" என்றாள் இர்மெலா.

"ஆட்டுக்கு ஆற்றங்கரையில் புல் இருக்கிறது. நீ ஊற்றும்மா."

அன்று போட்ட இரண்டாம் முடிச்சை அந்தச் சரிவுக்காரர்கள் இன்னும் அவிழ்க்கவில்லை. ஊரெல்லாம் அறுத்து முடித்த பிறகும் கொஞ்சம் கொடிகளைப் பனிக்கும் பூஞ்சைக்கும் விட்டுவைத்துக் காத்திருக்கிறார்கள். விருந்தாளி சில வருஷம் வருவதில்லை, அப்போதும் காத்திருக்கிறார்கள். அன்று முதல்தான் அந்த வெள்ளைத் திராட்சை மதுவில், எத்தனை ஆண்டு கழித்துத் திறந்தாலும், இனிப்பு முன்னால் வருகிறது, புளிப்பு அதைத் தாங்கிக்கொண்டு பின்னால் நிற்கிறது.