கோல்கீப்பர் குரங்கும் பாதிப் பேச்சும்

ஒரு காட்டில் பங்குனி பிறந்துவிட்டால் எந்த மிருகமும் வேறு பேச்சுப் பேசாது. எல்லாம் கால்பந்துப் பேச்சுதான். காட்டின் மூலை முடுக்கிலிருந்தெல்லாம் அணிகள் வந்து மோதும். ஒவ்வொன்றாகத் தோற்று வீட்டுக்குப் போனபின் இரண்டே அணிகள் மிஞ்சும். அவை ஆடும் இறுதியாட்டத்தைப் பார்க்கக் காடே திரண்டு வரும். வெல்லும் அணிக்கு அகில வனக் கோப்பை கிடைக்கும்.

அந்த ஆண்டு மிஞ்சியவை மலை அணியும் ஆற்றங்கரை அணியும். மலை அணிக்குக் கோப்பை புதிதல்ல. ஆற்றங்கரை அணியோ ஏழு முறை இறுதியாட்டம் வரை வந்து, ஏழு முறையும் வெறுங்கையோடு திரும்பிப் போயிருந்தது. நினைத்துப் பாருங்கள், ஏழு முறை!

இந்த முறை அவர்களுக்கு ஒரு நல்ல கோல்கீப்பர் கிடைத்திருந்தது. தொங்கான் என்பது அந்தக் குரங்கின் பெயர். எந்த மூலைக்குப் பந்து போனாலும் ஒரே தாவலில் பிடித்துவிடும். அந்த ஆண்டு முழுவதும் அது ஒரு கோல்கூட விட்டதில்லை.

ஆனால் தொங்கானுக்கு ஒரு குணம் உண்டு. எதையும் தெரிந்துகொள்ளாமல் அதனால் இருக்க முடியாது. யாராவது இரண்டு பேர் தாழ்ந்த குரலில் பேசினால் போதும், மூன்றாவதாக அதன் தலை அங்கே நிற்கும்.

ஆட்டத்துக்கு முன் அணித் தலைவரான நீர்நாய் தொங்கானைத் தனியே அழைத்தது.

"தொங்கான், நல்லாக் கேட்டுக்க. ஆட்டம் சமனா முடிஞ்சா, இந்த வருஷம் யார் குறைவா கோல் வாங்கினாங்களோ அவங்களுக்குத்தான் கோப்பை. மலைக்காரங்க மூணு வாங்கியிருக்காங்க. நாம ஒண்ணுகூட வாங்கல."

"அப்போ நாம கோல் போடவே வேண்டாமா?"

"போட்டா நல்லது. போடலைன்னாலும் பரவாயில்லை. நீ விடாம இருந்தாப் போதும்."

"இவ்வளவுதானே? விடமாட்டேன் தலைவரே" என்றது தொங்கான்.

நடுவராக வந்தது சீகாரப் பூங்குருவி. சீட்டியடிப்பதில் அதை மிஞ்ச அந்தக் காட்டில் ஆள் இல்லை. அது இரண்டு தலைவர்களையும் மைதானத்தின் நடுவே அழைத்து, "அதோ, மேற்கே நிற்கும் பாறையின் நிழல் இந்த நடுக்கோட்டைத் தொட்டதும் ஆட்டம் முடிந்தது" என்று விதியைச் சொல்லிக்கொண்டிருந்தது. அதற்குள் தொங்கான் தன் கோலை விட்டு மூச்சிரைக்க ஓடி வந்தது.

"என்ன பேசுறீங்க? என்ன பேசுறீங்க?"

"ஒண்ணுமில்லப்பா, நிழலைப் பத்திப் பேசுறோம். உன் இடத்துக்குப் போ!" என்று நீர்நாய் அதட்டி விரட்டியது.

மலை அணியில் முன்னால் ஆடுவது நரி. அது இதையெல்லாம் பார்த்துக்கொண்டே தன் வாலைச் சரிசெய்துகொண்டது.

ஆட்டம் தொடங்கியது. காட்டுப்பன்றி முட்டித் தள்ளியது; தொங்கான் பிடித்தது. வரையாடு உதைத்தது, தொங்கான் தட்டிவிட்டது. நரி உதைத்த பந்து மூங்கில் கம்பத்தை உரசிக்கொண்டு வெளியே போனது. போன பந்தை எடுக்க வருவதுபோல் நரி கம்பத்தின் அருகே வந்தது.

"தம்பி, யானைக் கூட்டத்துல உன்னைப் பத்தி என்ன பேசிக்கிட்டாங்கன்னு தெரியுமா?"

"என்னைப் பத்தியா? என்ன பேசினாங்க?"

"அடடா, ஆட்டம் நடக்குதே. அப்புறம் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு நரி ஓடிவிட்டது.

அவ்வளவுதான். தொங்கானுக்கு இருப்புக் கொள்ளவில்லை. பந்தைப் பிடித்தது, எறிந்தது, மறுபடியும் பிடித்தது. கை இங்கே வேலை செய்தது, மனம் மட்டும் யானைகளோடு இருந்தது.

இடைவேளையில் மற்றவர்கள் தண்ணீர் குடித்தார்கள். தொங்கான் தண்ணீர்ப் பக்கமே போகவில்லை. பின்வரிசையில் ஆடும் எருமையிடம் போய், "யானைங்க என்னைப் பத்தி என்ன பேசினாங்க?" என்று கேட்டது.

"எனக்கென்னப்பா தெரியும்? தள்ளி நில்லு, காத்து வரட்டும்" என்றது எருமை.

தொங்கான் பார்வையாளர் பக்கம் ஓடி யானைகளிடமே கேட்டது. யானைகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன.

"நாங்க மூங்கில் குருத்தைப் பத்தித்தான் பேசிக்கிட்டிருந்தோம்" என்றது பெரிய யானை.

"பார்த்தியா, மறைக்கிறாங்க!" என்று தொங்கான் தனக்குத்தானே சொல்லிக்கொண்டது. "மறைக்கிறாங்கன்னா விஷயம் பெரிசுதான்."

நீர்நாய் அதைப் பிடித்து உலுக்கியது.

"என்னடா ஆச்சு உனக்கு?"

தொங்கான் நடந்ததைச் சொன்னது.

"ஆட்டம் முடியட்டும். நானே அந்த நரியைப் பிடிச்சுக் கேட்டுச் சொல்றேன். அதுவரைக்கும் பொறுக்க மாட்டியா?"

"பொறுத்துக்குவேன் தலைவரே" என்றது தொங்கான். அப்போது அது உண்மையாகத்தான் சொன்னது.

இரண்டாம் பாதி தொடங்கியது. நரி கோல் பக்கம் வரவே இல்லை. எங்கேயோ தூரத்தில் ஆடிக்கொண்டிருந்தது. வந்து தொந்தரவு செய்திருந்தால்கூடத் தொங்கான் தாங்கியிருக்கும். வராததுதான் அதை வாட்டியது. திட்டியிருப்பார்களோ? புகழ்ந்திருப்பார்களோ? தன் வாலைப் பற்றி ஏதாவது சொல்லியிருப்பார்களோ? ஒருமுறை பொறுக்க முடியாமல், "நரியண்ணே!" என்று கத்தியேவிட்டது. நரி தூரத்திலிருந்தே வாயில் கால்விரலை வைத்து, 'உஷ்' என்றது. தொங்கானின் மண்டை வெடித்துவிடும் போலிருந்தது.

இத்தனைக்கும் அது கோல் விடவில்லை. தலைகீழாகத் தொங்கி ஒன்றைத் தடுத்தது, காலால் ஒன்றைத் தடுத்தது. யானைகள் தும்பிக்கையைத் தூக்கிப் பிளிறின. ஆற்றங்கரைப் பக்கம் தவளைகள் அப்போதே கொண்டாட ஆரம்பித்துவிட்டன. பாறையின் நிழல் நடுக்கோட்டுக்கு ஒரு சாண் தூரத்தில் வந்து நின்றது.

அப்போது மலை அணிக்கு ஒரு கார்னர் கிடைத்தது. அதுதான் கடைசி உதை என்று எல்லோருக்கும் தெரிந்தது. வரையாடு பந்தை மூலையில் வைத்துப் பின்னால் நகர்ந்தது. எல்லோரும் கோல் முன்னால் குவிந்தார்கள். நரி மெல்ல வந்து தொங்கானை ஒட்டி நின்றது.

"தம்பி, பாவமா இருக்கு உன்னைப் பார்த்தா. இப்பவே சொல்லிடவா?"

"சொல்லுங்கண்ணே, சொல்லுங்க!"

"தொங்கான், பந்தைப் பாரு!" என்று நீர்நாய் கத்தியது.

"யாருக்கும் கேட்கக் கூடாது. காதைக் கொடு" என்றது நரி. "அன்னைக்கு யானைங்க உன்னைப் பத்திச் சொன்னது என்னன்னா..."

தொங்கான் குனிந்து காதைக் கொடுத்தது.

வரையாடு உதைத்தது. பந்து வளைந்து வந்தது. நரி பேச்சை அந்தரத்தில் விட்டுவிட்டு எம்பி ஒரு முட்டு முட்டியது. தொங்கான் நிமிர்ந்தபோது அதன் பின்னால் பந்து உருண்டுகொண்டிருந்தது.

கோல்!

பூங்குருவி நீளமாகச் சீட்டியடித்தது. நிழல் கோட்டைத் தொட்டிருந்தது.

நீர்நாய் நடுவரிடம் ஓடியது. "இது அநியாயம்! பேச்சுக் கொடுத்து ஏமாத்திட்டான்!"

"தள்ளினால் தப்பு, இடித்தால் தப்பு. பேசுவது தப்பு என்று விதியில் இல்லையே" என்றது பூங்குருவி. அதற்கும் வருத்தமாகத்தான் இருந்தது.

எட்டாவது முறையும் போயிற்று. எருமை புல் தரையில் அப்படியே படுத்துவிட்டது. நீர்நாய் யாரையும் திட்டவில்லை. முகத்தை மூடிக்கொண்டு அழுதது. அதைப் பார்த்துத் தொங்கானுக்கும் அழுகை பொத்துக்கொண்டு வந்தது. ஓர் ஆண்டு முழுக்கக் காத்த கோலை ஒரு நொடியில் கோட்டை விட்டுவிட்டோமே என்று தலையில் அடித்துக்கொண்டது.

அழுதுகொண்டே அது எழுந்து நரியிடம் போனது.

"தோத்தது தோத்தாச்சு. அதையாவது சொல்லிட்டுப் போங்கண்ணே."

நீர்நாய் முகத்திலிருந்து கையை எடுத்தது. எருமை தலையைத் தூக்கியது. பூங்குருவிகூட இரண்டு தத்துத் தத்தி அருகே வந்தது. ஏன், நீங்களும் நானும்தான் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறோம்.

"எதைச் சொல்லணும்?" என்றது நரி.

"யானைங்க என்னைப் பத்திச் சொன்னது என்னன்னா... அதோட மீதியை."

நரி சிரிக்கவில்லை. கோப்பையைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டது.

"மீதியா? அந்தப் பேச்சுக்கு ஆரம்பம் மட்டும்தான் தம்பி இருந்தது" என்று சொல்லிவிட்டு மலையேறிப் போனது.

நீதி: பிறர் பாதியில் விட்ட பேச்சுக்குக் காதைக் கொடுப்பவர், தம் கையிலுள்ள வேலையைக் கோட்டை விடுவார்.