ஒச்சாயிக்கு ரொம்பப் பிடித்த இடம்

கதை கேட்க வந்தவர்களே, இடம் பிடித்து உட்காருங்கள். வெற்றிலை போடுகிறவர்கள் இப்போதே போட்டுக்கொள்ளுங்கள். நடுவில் எழுந்து துப்பப் போனால் கதை உங்களுக்காக நிற்காது.

ராஜாக்கள் காளான் மாதிரி முளைத்துக் கிடந்த காலத்தில், தாழையூர் என்றொரு சீமை இருந்தது. அந்தச் சீமையில் ஒச்சாயி என்று ஒரு பாட்டுக்காரி இருந்தாள். அவள் பாடுவாள், அவள் புருஷன் மூக்கன் உறுமிமேளம் அடிப்பான். இன்றைக்கு ஒரு ஊர், நாளைக்கு ஒரு ஊர் என்று இரண்டு பேரும் காலம் தள்ளினார்கள்.

ஒச்சாயிக்கு நல்ல குரல். சாமி சத்தியமாக நல்ல குரல். அவள் தாலாட்டைத் தொடங்கினால், மகளைத் தூரதேசத்தில் கட்டிக்கொடுத்த தாய்மார் மூக்கைச் சிந்துவார்கள். ஆனால் அந்தக் குரலைவிடப் பெரிய சொத்து ஒன்று அவளிடம் இருந்தது. அது பாட்டு முடிந்தபிறகு அவள் பேசும் பேச்சு.

கையைக் கூப்புவாள். கண்ணில் கொஞ்சம் தண்ணீரை வரவழைப்பாள். பிறகு சொல்வாள்: "எத்தனையோ ஊரைப் பாத்துட்டேன் சாமி. உங்க ஊரு மாதிரி ஒரு ஊரு இல்லை. பாட்டை அறிஞ்சு கேக்குற சனம் இங்கதான் இருக்கு. நான் உசுரை விட்டாலும் இந்த மண்ணுலதான் விடணும்."

பனங்குளத்துச் சந்தைத் திடலில் இதைச் சொன்னாள். சந்தைக்காரர்களுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "உன்னை மாதிரிப் பாட யாரு இருக்கா தாயி!" என்று சொல்லி, ஒரு சேலை எடுத்துக் கொடுத்தார்கள்.

வேலங்குடித் தேரடியில் இதையே சொன்னாள். வேலங்குடிக்காரர்கள் ஏற்கெனவே நிமிர்ந்து நடக்கிறவர்கள்; அன்றைக்கு வானத்தைப் பார்த்துத்தான் நடந்தார்கள். "உன்னை மாதிரி உண்டா!" என்று மாலை போட்டு, ஊர் எல்லைவரை வந்து வழியனுப்பினார்கள்.

கல்லாத்தூர்க் களத்துமேட்டிலும் இதையேதான் சொன்னாள். கல்லாத்தூர் ஏழைபாழை ஊர். அந்த ஊரைப் பற்றி நாலு பேர் கேட்க யாரும் அதுவரை நல்லதாக ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவர்கள் அழுதே விட்டார்கள். "இனிமே இந்தக் களம் உனக்குத்தான் தாயி" என்று களத்தை அவள் பாட்டுக்கே விட்டுவிட்டு, தங்கள் கதிரைப் பாதையில் போட்டு அடித்துக்கொண்டார்கள். அறுப்புக்கு அறுப்பு வரச் சொல்லி, போகும்போது அவள் தலையில் ஒரு மூட்டை நெல்லையும் ஏற்றிவிட்டார்கள்.

வழியில் மூக்கன் கேட்டான். "ஏண்டி, உனக்கு எத்தனை உசுரு இருக்கு? ஊருக்கு ஒண்ணா விட்டுக்கிட்டே போறியே?"

"பேசாம நடய்யா. நல்ல வார்த்தை சொன்னா நாக்கு தேஞ்சா போயிடும்?" என்றாள் ஒச்சாயி.

நாக்கு தேயவில்லை. ராஜா கதைக்குள் வரும்வரை ஒரு குறையும் இல்லை.

தாழையூர் ராஜாவுக்கு வீரகேதனன் என்று பேர். அவர் எந்தப் போருக்கும் போனதில்லை. பேரிலேயே வீரம் இருக்கும்போது போர் எதற்கு என்று விட்டுவிட்டார். அவருக்குப் பாட்டுக் கேட்பதற்கென்று ஒரு மண்டபம் இருந்தது. தூணெல்லாம் பளிங்கு, தரையெல்லாம் பட்டு. ராஜா தலையாட்டினால் மந்திரி தலையாட்டுவார். மந்திரி தலையாட்டினால் சபை முழுக்க "ஆகா!" என்னும். எவ்வளவு ரசனை பாருங்கள்!

ஒச்சாயியின் பேர் ராஜாவின் காதுக்கு எட்டியது. ஆள் அனுப்பினார். அவள் வந்து பாடினாள். இரண்டாவது பாட்டிலேயே ராஜா குறட்டை விட ஆரம்பித்தார். மந்திரி அந்தக் குறட்டைக்கும் தாளம் போட்டார்.

பாட்டு முடிந்தது. ஒச்சாயி பழக்கதோஷத்தில் கையைக் கூப்பினாள். கண்ணில் தண்ணீரை வரவழைத்தாள். "எத்தனையோ ஊரைப் பாத்துட்டேன் மகாராசா. உங்க மண்டபம் மாதிரி ஒரு மண்டபம் இல்லை. பாட்டை அறிஞ்சு கேக்குற சனம் இங்கதான் இருக்கு. நான் உசுரை விட்டாலும் இந்த மண்ணுலதான் விடணும்."

ராஜா விழித்துக்கொண்டார். தழுதழுத்துப் போனார். "அடடா! இவ்வளவு ஆசை வைத்திருக்கிறாயா? பிறகு எதற்கு வெயிலிலும் புழுதியிலும் அலைகிறாய்? இன்றுமுதல் நீ இந்த மண்டபத்தில் மட்டும்தான் பாட வேண்டும். வேறு எங்கேயும் வாய் திறக்கக் கூடாது. உன் விருப்பப்படியே உயிரையும் இங்கேயே விடலாம்" என்றார்.

"ஆகா!" என்றது சபை.

ஒச்சாயிக்குத் தூக்கிவாரிப் போட்டது. மூக்கன் முகத்தில் இருந்த சிரிப்பைப் பார்த்து அவளுக்கு இன்னும் ஆத்திரமாக வந்தது.

முதலில் அவள் மனசைத் தேற்றிக்கொண்டாள். நேரத்துக்குச் சோறு, குளிக்க வெந்நீர், நடைச் சிரமம் இல்லை. ஆனால் கொஞ்ச நாளிலேயே ஒரு பயம் வந்தது. எதைப் பாடினாலும் "ஆகா" என்கிறார்களே, நான் நன்றாகத்தான் பாடுகிறேனா?

சோதித்துப் பார்த்துவிடலாம் என்று, ஒருநாள் வேண்டுமென்றே ஓர் அடியைத் தப்பாகப் பாடினாள். "ஆகா!" என்றார்கள்.

இன்னொரு நாள் ஒரே அடியைத் திரும்பத் திரும்பப் பாடிக்கொண்டே இருந்தாள். "ஆகா, ஆகா!" என்றார்கள்.

மூன்றாவது முறை, "புளி வாங்கணும், பருப்பு வாங்கணும், புருஷனுக்குக் கோவணம் வாங்கணும்" என்று ராகம் போட்டு இழுத்தாள். மந்திரி தேம்பித் தேம்பி அழுதார். "என்ன தத்துவம், என்ன தத்துவம்!" என்று கண்ணைத் துடைத்தார்.

அன்றைக்கு ஒச்சாயி அரண்மனையில் கொடுத்திருந்த வீட்டுக்கு வந்து தலையில் அடித்துக்கொண்டாள். "யோவ், இப்படியே கிடந்தா என் பாட்டு செத்துப்போகும். செத்ததுகூட எனக்குத் தெரியாது" என்று அழுதாள். இந்த முறை கண்ணீர் தானாக வந்தது.

இதற்குள் ராஜா சும்மா இருப்பாரா? "ஒச்சாயிக்கு ரொம்பப் பிடித்த இடம் அரண்மனை மண்டபமே, அவளே சொன்னாள்!" என்று சீமை முழுக்கத் தண்டோரா போட்டுவிட்டார். கேட்டதும் மூன்று ஊருக்கும் சுருக்கென்றது. ஊருக்கு ஒருவர் கிளம்பி அரண்மனைக்கு வந்தார்கள். பனங்குளத்திலிருந்து சந்தைத் தலைவர் வந்தார். வேலங்குடியிலிருந்து தேர்வடம் பிடிப்பதில் முதல் மரியாதை வாங்குகிறவர் வந்தார். கல்லாத்தூரிலிருந்து இருளாயி என்ற களையெடுக்கிற பெண் நடந்தே வந்தாள்.

"எங்க ஊருதான் பிடிச்ச ஊருன்னு எங்ககிட்டச் சொன்னா மகாராசா" என்றார் முதலாமவர். "எங்களிடம்தான் சொன்னாள்" என்றார் இரண்டாமவர். "எங்ககிட்ட அழுதுக்கிட்டே சொன்னா" என்றாள் இருளாயி. என்ன சொன்னாள் என்று ராஜா கேட்டார். எத்தனையோ ஊரைப் பார்த்தது முதல் மண்ணில் உயிரை விடுவது வரை மூன்று பேரும் ஒன்றாக ஒப்பித்தார்கள். ஒரு எழுத்து பிசகவில்லை.

ராஜா சிவந்துபோனார். "இரண்டில் ஒன்றுதான். இந்த மூன்று ஊரும் என் சபையில் பொய் சொல்கின்றன என்றால், மூன்று திடலையும் உழுது எள் விதைத்துவிடுவேன். இல்லை, பொய் சொல்வது இவள்தான் என்றால், இவள் நாக்கை அறுத்துவிடுவேன். சொல் பெண்ணே, பொய் யாருடையது?"

மந்திரி குனிந்து அவள் காதைக் கடித்தார். "அவர்களை யாரென்றே தெரியாது என்று சொல்லிவிடு. திடல் போனால் உனக்கென்ன?"

ஒச்சாயி முதலில் நழுவத்தான் பார்த்தாள். இத்தனை வருஷப் பழக்கம் விடுமா? "மகாராசா, எனக்குப் பிடிச்ச இடம் சனங்களோட மனசுதான்" என்றாள்.

"ஆகா!" என்றது சபை.

"மனசா? அது என் எல்லைக்குள்தானே இருக்கிறது? இதுவரை வரி வந்ததில்லையே!" என்று ராஜா மந்திரியைப் பார்த்து முறைத்தார்.

ஒச்சாயிக்கு எதிரே இருளாயி நின்றாள். நடந்து வந்த காலில் புழுதி அப்பியிருந்தது. அந்தக் களத்தை உழுதுவிட்டால் கல்லாத்தூர்க்காரர்கள் ஆயுசுக்கும் பாதையில்தான் கதிர் அடிக்க வேண்டும். நாக்குதானே, போனால் போகட்டும் என்று வாயைத் திறந்தாள்.

"அவங்க யாரும் பொய் சொல்லலை. நான்தான் சொன்னேன். மூணு ஊருலயும் சொன்னேன், உங்ககிட்டயும் சொன்னேன். எல்லா இடத்துலயும் பொய்தான்."

சபைக்கு "ஆகா" சொல்வதா வேண்டாமா என்று தெரியவில்லை. சபை மந்திரியைப் பார்த்தது, மந்திரி ராஜாவைப் பார்த்தார்.

"அப்படியென்றால் உனக்கு உண்மையாகவே பிடித்த இடம் எது?" என்றார் ராஜா.

"நரிப்பாறை ஓடத்துறை மகாராசா. அங்க யாரும் எனக்காக வர்றதில்லை. அக்கரைக்குப் போகக் காத்துக் கிடக்கிற சனம். பாடினா கேக்கும். ஓடம் வந்தா முந்தானையை உதறிக்கிட்டுப் போயிடும். நான் பாதி அடியில வாயைத் தொறந்துக்கிட்டு நிப்பேன். ஒரே ஒரு தடவைதான், ஓடம் வந்து நின்னும் ஒருத்தரும் ஏறலை. ஓடக்காரன் திட்டிக்கிட்டே இறங்கி வந்தான், அவனும் உக்காந்துட்டான். அன்னைக்குத்தான் நான் பாட்டுக்காரின்னு எனக்கே தெரிஞ்சுது. அவங்ககிட்ட மட்டும் இந்தப் பேச்சை நான் பேசினதே இல்லை. பேசினா, 'வாயை மூடிட்டுப் பாடு'ம்பாங்க."

அப்போது இருளாயி ஒரு பெருமூச்சு விட்டாள். "நீ சொன்னது சும்மாங்கறது எங்களுக்கும் தெரியும் தாயி. பொண்ணு பாக்க வர்றவங்களும் எங்க ஊரை அப்படித்தான் சொல்லிட்டுப் போறாங்க. ஆனா எங்களை அவ்வளவு உசத்திப் பேசினவளை மொகத்துக்கு நேரா எப்படிக் குத்தம் சொல்றது? ரெண்டு அறுப்புக் காலமா உன் தாலாட்டு இழுவையா இழுக்குது. மூச்சு பத்தலை. பாதிப் பேரு தூங்கிடறாங்க. நாங்களும் 'உன்னை மாதிரி உண்டா'ன்னு சொல்லித்தான் அனுப்பினோம்."

சந்தைத் தலைவர் கனைத்துக்கொண்டார். "எங்க ஊருலயும் அப்படித்தான்." வேலங்குடிக்காரர் வாழ்க்கையிலேயே முதல்முறையாகத் தரையைப் பார்த்தார்.

நாக்கை அறுத்திருந்தால்கூட அவளுக்கு அப்படி வலித்திருக்காது. "ஆகா" போடுகிற மண்டபம் சீமையில் ஒன்றுதான் என்று அவள் நினைத்திருந்தாள். அதற்கு முன்பே ஊருக்கு ஒன்றாக அவளே கட்டி வைத்திருக்கிறாள்! திரும்பி மூக்கனைப் பார்த்தாள்.

"உனக்குத் தெரியுமாய்யா?"

"தெரியும்."

"தெரிஞ்சும் ஏன்யா சொல்லலை?"

"எப்படிச் சொல்றது? என்னையும்தான் நீ, 'உன்னை மாதிரி உறுமிக்காரன் உண்டா'ன்னு சொல்லி வச்சிருந்தியே!"

ராஜா தீர்ப்புச் சொல்ல எழுந்தார். எதற்கும் இருக்கட்டும் என்று மந்திரி முன்கூட்டியே தலையாட்டினார்.

"இவள் நாக்கை அறுக்கப் போவதில்லை. நாக்கை அறுத்தால் சில நாள்தான் வலிக்கும். என் மண்டபத்தை இழந்தாலோ ஆயுள் முழுக்க வலிக்கும்! இனி இவள் இந்த வாசலை மிதிக்கக் கூடாது. மரியாதை தெரியாத அந்த ஓடத்துறைக் கூட்டத்துக்கே பாடிச் சாகட்டும்!"

ஒச்சாயி தரையில் விழுந்து கும்பிட்டு விம்மினாள். தண்டனையின் கொடுமை தாங்காமல் அழுகிறாள் என்று ராஜா பூரித்துப்போனார். "ஆகா!" என்றது சபை.

திடல்கள் பிழைத்தன. கல்லாத்தூர்க் களத்தில் அந்த வருஷமே கதிர் அடித்தார்கள்.

ஒச்சாயி ஓடத்துறைக்குப் போய்த் தாலாட்டைத் தொடங்கினாள். ஓடம் வந்தது. எல்லோரும் ஏறிப் போய்விட்டார்கள். மறுநாளும் பாடினாள், மறுநாளும் போய்விட்டார்கள். அதற்கு மறுநாள் ஒரு பெரியவர் மட்டும் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தார். அவளுக்குப் பூரிப்புத் தாங்கவில்லை. அவருக்குக் கால் மரத்துப்போயிருந்தது என்று பிறகுதான் தெரிந்தது.

கரையை விட்டு நகர்ந்த ஓடத்திலிருந்து ஒரு பெண் கத்தினாள்: "ரெண்டாவது அடி இழுக்குது தாயி! முன்னாடியே மூச்சைப் புடி!"

எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு ஒருத்தி அவள் பாட்டைக் கேட்டிருக்கிறாள். ஒச்சாயிக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. மூக்குச் சளியைத் துடைத்துக்கொண்டு, முன்னாடியே மூச்சைப் பிடித்து, முதல் அடியிலிருந்து மறுபடி தொடங்கினாள். கரையில் ஒரு ஈ காக்கை இல்லை. மூக்கன் அடித்தான், அவள் பாடினாள்.

கதை எப்படி என்று உங்களைக் கேட்கமாட்டேன். நீங்கள் "ஆகா" என்று சொல்லிவிட்டால் என் பிழைப்புக் கெட்டுவிடும். இதை மட்டும் கேட்டுக்கொண்டு எழுந்து போங்கள்: பொய்ப் புகழ்ச்சியைக் கொடுத்துப் புகழ்ச்சி வாங்குகிறவருக்கு உண்மையை யாரும் சொல்லமாட்டார்கள்.